கோரைக்கிழங்கு

வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவனை வெறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று சாரதாமணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்லைக் கடித்தால்தான் வெறுப்புக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறது. இங்கேயானால் நாற்காலியில் மல்லாக்கச் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், முகத்துக்கு நேரே விளக்கு, கழுத்தைச் சுற்றி நீலக் காகிதம், கடைவாயில் ஒரு குழாய் கொறகொறவென்று எச்சிலை உறிஞ்சிக்கொண்டே கிடக்கிறது, மேலே தலைகீழாக டாக்டர் சம்பத்தின் முகம். தலைகீழாகப் பார்த்தால் யாருடைய முகமும் கொஞ்சம் முட்டாள்தனமாகத்தான் தெரியும். அந்தச் சின்ன ஆறுதலாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் தொறங்க ஆன்ட்டி. அவ்வளவுதான். கொசு கடிச்ச மாதிரி இருக்கும்." ஆன்ட்டியாம். இவனுக்கு நாற்பத்திரண்டு வயது, காது ஓரம் நரைத்துவிட்டது, இன்னும் ஆன்ட்டி. ஈறில் ஊசி இறங்கியது. கொசு இல்லை, தேள். கண்ணோரம் தானாக நீர் வழிந்தது, உதவிக்கு நின்ற பிரமிளா என்கிற பெண் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். இவன் கையில் ஊசி வாங்கி, இவன் முன்னால் கண்ணீர் வேறு விட்டாயிற்று. ஊரில் வேறு பல் டாக்டரே இல்லையா? இருக்கிறார்கள், வடவள்ளியில் தெருவுக்கு ஒருவர். ஆனால் தாடை வீங்கி, ராத்திரியெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தவளைக் காலையில் ஸ்கூட்டரில் ஏற்றிய ஈசுவரமூர்த்தி, காலனி முக்கிலேயே நிறுத்தி, "நம்ம சம்பத் இருக்கறப்ப எதுக்கு அத்தன தூரம்" என்று சொல்லிவிட்டார். நம்ம சம்பத். முப்பது வருஷம் கூட வாழ்ந்தும், தன் பெண்டாட்டி யாரைக் கறுவிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாத மனுஷன். தெரியாதா, தெரிந்தும்தான் கொண்டுவந்து விட்டாரா? அவரைச் சொல்லி என்ன, அவள்தானே இறங்கி உள்ளே வந்தாள். வலி வந்தால் ரோஷம் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

"மரத்துப் போக அஞ்சு நிமிஷம் ஆகும், கண்ண மூடிட்டு இருங்க." மூடினால் ஓடைக்கரைதான் வரும். வந்தது. காலனிக்குப் பின்னால், மருதமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வரும் ஓடை. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர், மற்ற நாளெல்லாம் மணலும் பாறையும். அங்கே அவள் முதன்முதலில் செடிமேல் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஆத்திரத்தில் போனாள். மில்லில் டெலிபோன் ஆபரேட்டர் வேலையை முடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த புதிது. காது முழுக்க இன்னும் அடுத்தவர்களின் குரல். வாய்க்குச் சொல்ல ஒன்றுமில்லை. நடந்துவிட்டு வரலாம் என்று கரையோரம் போனவளின் சேலையை உண்ணிச்செடி பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டது. மாம்பழக் கலர் சேலை, இரண்டாந்தரம்கூடக் கட்டவில்லை. வீட்டுக்கு வந்து அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். ஒரு புதரை வெட்டினாள். மறுநாள் போய்ப் பார்த்தால் வெட்டின இடம் ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்தது, வாரம் போவதற்குள் துளிர் விட்டிருந்தது. அப்படியா என்று கடப்பாரையோடு போனாள். அது எவனோ வெளிநாட்டுக்காரன் பூ நன்றாயிருக்கிறதென்று தோட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்த செடி என்பதும், தன்னைச் சுற்றி வேறெதையும் தலைதூக்க விடாது என்பதும் பிறகு தெரிந்துகொண்டதுதான். தெரிந்ததும் ஆத்திரத்துக்கு ஒரு நியாயமும் சேர்ந்துகொண்டது. வருஷக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினாள். கை காய்த்துப் போனது. காலனியில் அவளைப் பற்றி என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியும், பேசட்டும். அவள் எதிர்பார்க்காதது வேறொன்று. வேரோடு பிடுங்கி வெறுமனே கிடந்த மண்ணில், ஒரு மழைக்குப் பிறகு, யாரும் விதைக்காத தும்பை வந்தது. அப்புறம் சிறுபூளை. அப்புறம் நொச்சி, வெட்பாலை. இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது, நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. பேர் தெரியாததற்கெல்லாம் அவளே ஒரு பேர் வைத்தாள். பின்னால் அதனதன் உண்மைப் பேர் தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆவாரங்காய் காய்ந்து வெடிக்கும்போது விதை பொறுக்கி மேட்டில் தூவினாள். சித்திரை வெயிலில் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். நடக்கத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்த ஈசுவரமூர்த்தி ஒருநாள் குடத்தைப் பார்த்துவிட்டு, "அதென்ன நம்ம எடமா?" என்று மட்டும் கேட்டார். நம்ம இடம் இல்லைதான். புறம்போக்கு. புறம்போக்கென்றால் யாருடையதும் இல்லை என்று அர்த்தமா, எல்லாருடையதும் என்று அர்த்தமா, அல்லது எவன் முதலில் இயந்திரத்தை இறக்குகிறானோ அவனுடையது என்று அர்த்தமா.

உதடு தடித்துக்கொண்டு வந்தது, யாரோ தன் உதட்டுக்கு மேலே இன்னொரு உதட்டை ஒட்டிவைத்த மாதிரி. ஆதண்டை. அதை நினைக்காமல் இருந்துவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிறாள், நினைப்பு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி அங்கேயே போய் நிற்கிறது. உசில மரத்தின்மேல் ஏறிப் படர்ந்த கொடி, கொக்கி கொக்கியாக முள், கிட்டே போனால் யாரையும் விடாது. மாசி பங்குனியில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், வாடப்போகும்போது சிவக்கும், அதனால் ஒரே கொடியில் இரண்டு நிறம். கொடி முழுக்க மொய்க்கும் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் அதன் இலையில்தான் முட்டை வைக்கும், புழு அதைத்தான் தின்னும், வேறொன்றைக் காட்டினால் பட்டினி கிடந்து செத்தாலும் சாகும். அவளுக்கு அந்தப் பிடிவாதம் பிடித்திருந்தது. காயைப் பறித்து மோரில் ஊறவைத்து வற்றல் போட்டாள், நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். இவன் வீட்டுக்கும்தான் கொடுத்தாள். இவன் பெண்டாட்டி கேட்டு வாங்கிப் போனாள், "கசப்பே இல்லீங் ஆன்ட்டி, அவரு ரசத்துக்குத் தொட்டுக்கிட்டு எல்லாத்தையும் காலி பண்ணீட்டாரு" என்றாள். தின்ற வாய். இதோ, எனக்கு மேலே முகமூடி போட்டுக்கொண்டு சீட்டியடிக்கிற இந்த வாய்தான். தின்றுவிட்டு, கொடி எங்கே நிற்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. பங்குனியில்தான், பூ நிறைந்து நின்றபோது, நாத்தனார் வீட்டுக்காரர் இறந்துபோய், காரியம் முடியும்வரை அவள் பொங்கலூரில் இருந்துவிட்டாள். திரும்பி வந்து ஆட்டோவில் காலனிக்குள் நுழையும்போது எதுவோ சரியில்லை. எது என்று சட்டென்று பிடிபடவில்லை. வீட்டுக்குப் பின்னால் வானம் அதிகமாக இருந்தது. அப்புறம் வாசனை வந்தது, பச்சையும் கருகலும் கலந்த வாசனை, நொச்சி எரிகிற வாசனை. பையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு ஓடினாள். ஒரு பொக்லைன், ஒரு லாரி, செம்மண். கரை முழுக்க மொட்டையடித்துவிட்டு சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருபக்கம் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். உசிலம் குறுக்கே கிடந்தது. நடுவே காலனிச் சங்கத் தலைவர் டாக்டர் சம்பத், தொப்பி போட்டுக்கொண்டு, கையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் மலர்ந்த முகத்தோடு வந்தான். "பாத்தீங்ளா ஆன்ட்டி, எப்படிக் கெடந்த எடம். பாம்பு வேற வந்துச்சாம். இனி நீங்கெல்லாம் நிம்மதியா நடக்கலாம்." அவளுக்காகச் செய்ததுபோல. அதுதான். அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. பகைத்துக்கொண்டு செய்திருந்தால் பகையாளி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அவனுக்குத் தெரியவே இல்லை. அங்கே ஒன்று இருந்ததென்றும், அது ஒருத்தி பார்த்துப் பார்த்து விட்டுவைத்ததென்றும் தெரியாமலே அழித்துவிட்டான். அழித்த இடத்தில் பாய் விரித்த மாதிரி கார்ப்பெட் புல், வரிசையாக நாலு அலங்காரப் பனை, சிமெண்ட் காளான், அவன் அப்பா பேரில் பசுமைப் பூங்கா என்று ஒரு போர்டு.

"மரத்துருச்சா ஆன்ட்டி? இங்க தட்டறேன், வலிக்குதா?" இல்லையென்று தலையை ஆட்டினாள். இயந்திரம் சுழலத் தொடங்கியது. வலியில்லை, ஆனால் சத்தம் மண்டைக்குள் இருந்தது, கரையில் பொக்லைன் பாறையைச் சுரண்டிய அதே சத்தம். "வேர்ல சீழ் புடிச்சிருக்குது. உள்ள இருக்கற நரம்ப எடுத்துட்டுக் கிளீன் பண்ணி அடைச்சர்றேன். பல்லு பாட்டுக்கு நிக்கும், ஆனா உயிரிருக்காது." அதையும் சந்தோஷமாகச் சொன்னான். உயிரில்லாமல் நிற்பதில் இவனுக்கு என்ன சந்தோஷம். அந்தப் பனைகளும் அப்படித்தான் நிற்கின்றன, ஒரு காக்கைகூட உட்காருவதில்லை. சரி, இப்போது கோரையை நினைக்கலாம். இனிப்பு தின்பதைத் தள்ளிப்போடுகிற மாதிரி அவள் அதைத் தள்ளிவைத்திருந்தாள். கோரையை நினைத்ததும் மார்புக்குள் ஒரு இதம் பரவியது. புல்தரையைப் பார்த்த முதல் வாரத்தில் பெட்டிஷன் எழுதலாமா, பத்திரிகைக்காரனைக் கூப்பிடலாமா, ராவோடு ராவாகப் பனைகளின் தூரில் கொதிநீரை ஊற்றலாமா என்றெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தவளுக்கு, தன் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைக்கு அடியில் களை எடுக்கும்போது விடை கையில் வந்தது. கறுப்பாக, சுண்டைக்காய் அளவில், உடைத்தால் வாசம் வீசுகிற ஒரு கோரைக்கிழங்கு. இந்த மண்ணுக்காரன். எந்தத் தோட்டக்காரனும் இவனை ஜெயித்ததில்லை. மேலே பிடுங்கினால் கீழே ஒன்று நாலாகும். காலை நடைக்குப் போகும்போது முந்தானை முடிச்சில் கொஞ்சம் போட்டுக்கொள்வாள். செருப்பு வார் அறுந்த மாதிரி குனிவாள், கட்டைவிரலால் புல்லை விலக்கி ஒன்றை அழுத்துவாள், குதிகாலால் மிதித்து மூடுவாள். எதிரே இவன் வேகமாக நடந்து வந்து, "குட்மார்னிங் ஆன்ட்டி, காலுக்கு என்னாச்சு?" என்பான். "ஒண்ணுமில்ல சம்பத்து, வார் வுட்டுப்போச்சு." சித்திரையிலிருந்து ஆவணி வரை எத்தனை வார் விட்டுப்போயிருக்கும். ஆடி மழை விழுந்ததும், வெட்டிவிட்ட முடிக்கு நடுவே நரை நிமிர்ந்த மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோரை எழுந்து நின்றது. அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டார் ஈசுவரமூர்த்தி. சும்மா என்றாள்.

சும்மா. அங்கேதான் நினைப்பு சிக்கிக்கொள்கிறது. இவனுக்குத் தெரியாதே. தெரியாத பழி பழியா? தன் அப்பா பேர் எழுதிய புல்லில் இவன் நடக்கும்போது, இது சாரதாமணி செய்தது, அந்த ஆதண்டைக்காகச் செய்தது என்று ஒரு விநாடியாவது இவன் முகம் சுருங்க வேண்டாமா? சுருங்காவிட்டால், இவன் தெரியாமல் அழித்ததற்கு அவள் இவனுக்குத் தெரியாமல் கெடுத்தாள், கணக்கு நேர், இருவரும் ஒன்று. அந்த எண்ணம் அவளுக்குப் பிடிக்கவில்லை. நாக்கால் தள்ளிவிடப் பார்த்தாள். நாக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. "வாய மூடிறாதீங்க ஆன்ட்டி." பிரமிளா குழாயை நகர்த்தி வைத்தாள். டாக்டரின் விரல் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்திருந்தது, கையுறையின் ரப்பர் வாசனை. அவன் பேச ஆரம்பித்தான். வாயைத் திறந்து கிடப்பவர்களிடம் பேசிப் பேசிப் பழகிய பேச்சு, பதில் எதிர்பார்க்காதது. "பார்க்குல பாத்தீங்ளா, கோரை எப்படி வந்துருச்சுன்னு? எங்கிருந்து வந்துச்சுனே தெரியல. செம்மண்ணுல வந்திருக்கும்கறான் புல்லு போட்ட கம்பெனிக்காரன். வாரம் தவறாம ஆள் வெச்சுப் புடுங்கறோம், அடுத்த வாரம் அப்படியே நிக்குது." ஆ, என்றாள். தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில் இருந்தது சிரிப்பு என்று யாருக்கும் தெரியாது. சொல்லு, சொல்லு, இன்னும் சொல்லு. "அப்பா பேர்ல இருக்கற எடம், மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க. அவரு கடைசியா ஆஸ்பத்திரில இருக்கறப்ப ஜன்னல்ல ஒரு பச்சை தெரியலியேன்னு சொல்லீட்டே இருந்தாரு." இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேறு முனை மாற்றினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதெல்லாம் எனக்கு எதற்கு. உன் அப்பாவுக்குப் பச்சை வேண்டுமென்றால் அங்கேயே இருந்ததே, அத்தனை பச்சை. அதை வெட்டிவிட்டு ஒரே பச்சையாக ஆக்கினாயே. இரக்கப்படாதே சாரதாமணி, இப்படித்தான் ஏமாற்றுவார்கள், நல்லவனாக இருந்தே ஏமாற்றுவார்கள்.

"அதான் முடிவு பண்ணீட்டேன்," என்றான், விரலை மறுபடி கன்னத்துக்குள் கொடுத்தபடி. "நாளைக்கு மருந்து அடிக்கச் சொல்லீட்டேன். புல்லு கோரை எல்லாம் ஒரேயடியாக் கருகட்டும், அப்புறம் புதுசா விரிச்சுக்கலாம். கரையில இருந்து ஓடைக்குள்ள எறங்கற வரைக்கும் அடிச்சாத்தான் திரும்ப வராதாம். ரெண்டு தடவ அடிக்கணும்ங்கறான்." ஓடைக்குள் இறங்குகிற வரை. அங்கே, புல்தரை முடிந்து கல் சரியும் இடத்தில், பொக்லைன் எட்டாத பாறை இடுக்கில், ஆடி மழைக்குப் பிறகு ஒரு நாள் கோரை ஊன்றக் குனிந்தபோது பார்த்தாள்: உசிலத்தோடு பிய்ந்து போன ஆதண்டையின் வேர்த் துண்டு ஒன்று தளிர் விட்டிருந்தது. விரல் நீளம். அதற்குள்ளாகவே முள் வைத்திருந்தது. பக்கத்தில் நொச்சி இரண்டு தூர், மண்ணுக்குள்ளிருந்தே திரும்பி வந்தவை. யாரிடமும் சொல்லவில்லை. ஆடு கடிக்காமல் இருக்க ஒடித்த முள்ளை மேலே சாத்திவைத்தாள். போன வாரம் அதன் இலையில் ஒரு முட்டை, அரிசிக்குருணை போல. எங்கிருந்தோ மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதன்மேல் மருந்து. அடிக்கப்போகிறவன் இவன், அடிக்க வைத்தவள் யார்? கோரையை யார் ஊன்றினது? குனிந்து குனிந்து, செருப்பு வாரைச் சாக்காக வைத்து, ஒவ்வொரு கிழங்காக, அவளேதான் அந்த மருந்தை அந்தத் தளிர் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்திருக்கிறாள். இல்லை, இவன். இவன் வெட்டாமலிருந்தால் அவள் ஏன் ஊன்றப்போகிறாள். இல்லை, அவள். இல்லை, இந்த விரல், ரப்பர் வாசனை அடிக்கிற இந்த விரல், கையைக் காட்டிக் காட்டிப் பேசின அதே விரல்.

டாக்டர் "ஆ!" என்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கடித்திருக்கிறாள். எவ்வளவு அழுத்தமாக என்று அவளுக்கே தெரியாது, வாயில் பாதி அவளுடையதாக இல்லை. வேண்டுமென்று கடித்தாளா? வேண்டுமென்றுதான். இல்லை, தாடை தானாக மூடிக்கொண்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது, அவள் பல மாதமாக அந்த இடத்தில்தான் குடியிருக்கிறாள். டாக்டர் கையுறையை உருவி விரலைத் தண்ணீர்க் குழாயில் காட்டினான். தோல் கிழியவில்லை, பல் வரிசை மட்டும் சிவப்பாகப் பதிந்திருந்தது. "பரவால்ல ஆன்ட்டி, பதறாதீங்க. மரத்திருக்கறப்ப சிலபேருக்கு இப்படி ஆகறதுதான்." அவனே சமாதானம் சொன்னான். கடைசியில் அதையும் எடுத்துக்கொண்டான். ஒரு கடியைக்கூட அவளுடையதாக விட்டுவைக்க மாட்டான். அவள் குழாயைப் பிடுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். பேசினாள். வந்தது பேச்சில்லை, வழவழவென்று ஒரு சத்தம், மோவாயில் எச்சில் வழிந்தது.

"என்னங் ஆன்ட்டி?"

"மருந்து வேண்டாங்கறாங்க டாக்டர்," என்றாள் பிரமிளா. நாளெல்லாம் மரத்த வாய்களைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தப் பாஷை பழகிப் போயிருந்தது.

சாரதாமணி அவள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"மருந்துக்குக் கோரை சாகாதாங்க. மேல கருகும், கெழங்கு உள்ள தூங்குமாம். தோண்டித்தான் எடுக்கோணுங்கறாங்க," என்றாள் பிரமிளா.

"அத்தன பெரிய எடத்த ஆர் ஆன்ட்டி தோண்டறது? ஆள் கெடைக்கறதே கஷ்டம்."

அப்போது அது அவளுக்குள்ளிருந்து கிளம்பியது. தளிரைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் திறந்த வாய்க்குள் வேறொன்றும் காத்துக்கொண்டிருந்தது. அவன் தெரிந்துகொள்ளட்டும். இப்போதே, இந்த விளக்குக்கு அடியிலேயே. அப்புறம் போலீசுக்குப் போகட்டும், சங்கத்தைக் கூட்டட்டும், ஈசுவரமூர்த்தி தலையில் அடித்துக்கொள்ளட்டும். அந்த முகம் ஒரு தடவை சுருங்குவதைப் பார்த்தால் போதும். அவனை நேராகப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிச் சொன்னாள்: நாந்தான் வெச்சேன். அத்தனையும் நாந்தான் ஊனினேன். என் கொடிய நீ கொன்னதுக்கு. வாயிலிருந்து நுரைதான் வந்தது. டாக்டர் குனிந்து காதைக் கொடுத்தான், புரியாமல் பிரமிளாவைப் பார்த்தான். பிரமிளா முகமூடிக்கு மேலே கண்ணை அசைக்காமல் நின்றாள்.

"அவிங்களே எடுக்கறாங்களாம் டாக்டர்," என்றாள். "அத்தனையும் நானே எடுக்கறேன், கொடிக்கு மருந்து அடிச்சுக் கொன்னுடாதீங்கன்னு சொல்றாங்க. கரையோரமா ஏதோ கொடி இருக்குதாமா."

டாக்டரின் முகம் சுருங்கவில்லை. கண் கலங்கின மாதிரி இருந்தது. "நெசமாவா ஆன்ட்டி? இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு..." என்றவன், "அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு. கம்பெனிக்காரன வர வேண்டாம்னு சொல்லீர்றேன். உங்க இஷ்டம்போல எடுங்க. எங்கிருந்து ஆரம்பிப்பீங்க?" என்றான்.

சொன்னாயிற்று, அவனுக்குப் போய்ச் சேரவில்லை. இன்னொரு தடவை சொல்லலாம், காகிதத்தில் எழுதிக் காட்டலாம், சாயங்காலம் மரப்பு இறங்கினதும் வீட்டுக்கே போய்ச் சொல்லலாம். பதிலாக அவள் மனசுக்குள் அந்தப் புல்தரையைப் பார்த்தாள், கண்ணைத் திறந்தபடியே. கடப்பாரை இறங்குகிறது. முழங்கை ஆழத்துக்கு. பாளம் பாளமாகப் பெயர்கிறது அந்தப் பாய். கோரையை எடுக்கிற சாக்கில் புல்லில் ஒரு துணுக்கைக்கூட அவள் மிச்சம் வைக்கப்போவதில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் கரை மொட்டையாகக் கிடக்க வேண்டும். அதற்கப்புறம் யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம். அவள் ஒரு வார்த்தை சொன்னாள், இந்தத் தடவை உதடு கொஞ்சம் ஒத்துழைத்தது.

"போர்டுக்கு அடியிலதான் நெறைய இருக்குதாம்," என்றாள் பிரமிளா.

"அப்படியா? அப்பப் போர்டக் கழட்டீர்லாம்," என்றான் டாக்டர். "சாயங்காலமே ஆள உட்டுக் கழட்டி வெச்சர்றேன்."

மிச்ச வேலையை முடித்துப் பல்லை அடைத்து அனுப்பினான். சாரதாமணி வெளியே வந்து, வராந்தாவில் குனிந்து செருப்பை மாட்டும்போது பிரமிளா மாத்திரைச் சீட்டோடு பின்னால் வந்தாள். முகமூடியை இறக்கியிருந்தாள், சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும். திரும்பி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு நல்லாவே கேட்டுச்சுங்மா. எங்கூடு ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளத்துல இருக்குது. எங்க ஆடு அஞ்சும் அந்தத் தண்ணியத்தான் குடிக்குது."

சாரதாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வழவழவென்று வந்தது. பிரமிளா சீட்டை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"மரப்பு எறங்கற வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க," என்றாள். "எறங்குனதுக்கு அப்புறமும்."